ஓப்பன்எம்சி: இணைவு உலையின் நியூட்ரான் கணக்கைத் திறந்து வைக்கும் மென்பொருள்

ஹைட்ரஜனின் கனமான வடிவங்களான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது வெளிப்படும் 17.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை நியூட்ரான் எடுத்துக்கொண்டு போகிறது, எஞ்சிய 3.5 மட்டுமே ஆல்பா துகளின் வழியாகப் பிளாஸ்மாவுக்குள் தங்குகிறது. மின்னூட்டம் இல்லாத நியூட்ரானைக் காந்தப்புலத்தால் தடுக்க முடியாது. ஆகவே இணைவு உலை ஒன்றை வடிவமைப்பவர், பிளாஸ்மாவை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்ற கேள்வியோடு, வெளியேறும் நியூட்ரான்கள் எங்கே போகின்றன, எதில் மோதுகின்றன, எதை உண்டாக்குகின்றன, எதைச் சிதைக்கின்றன என்ற கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். இரண்டாவது கேள்விக்கான திறமூல மென்பொருள்களுள் முதன்மையான ஓப்பன்எம்சியைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அதன் நிறைகளையும், புதிதாகத் தொடங்குபவரைத் தடுமாற வைக்கும் இடங்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில், இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டுகள், இயற்கையில் அது எடுத்துப் பயன்படுத்தும் அளவில் கிடைப்பதில்லை. 1000 மெகாவாட் இணைவுத் திறனோடு ஓராண்டு முழுவதும் இயங்கும் உலை ஏறத்தாழ 56 கிலோ டிரிட்டியத்தை எரித்துவிடும். அவ்வளவையும் உலை தன்னைச் சுற்றியுள்ள லித்தியப் போர்வைக்குள் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். லித்தியம்-6 மெதுவான நியூட்ரானை விழுங்கி டிரிட்டியத்தைத் தருகிறது, கூடவே 4.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் வெப்பமும் கிடைக்கிறது. லித்தியம்-7 வேகமான நியூட்ரானை மட்டுமே ஏற்கிறது. டிரிட்டியத்தைத் தந்துவிட்டு, இன்னொரு மெதுவான நியூட்ரானையும் திருப்பிக் கொடுக்கிறது. இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 ஏறத்தாழ 7.5 சதவீதம்தான். எனவே அதைச் செறிவூட்டுவது, பெரிலியம் அல்லது ஈயத்தைச் சேர்த்து நியூட்ரான்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது என்று பல வழிகள் கையாளப்படுகின்றன. இவ்வளவு செய்த பிறகும், ஒரு நியூட்ரானுக்கு எத்தனை டிரிட்டியம் என்ற விகிதம் ஒன்றைச் சற்றே தாண்டுகிறது. வெப்பமூட்டும் கருவிகளுக்கான துளைகளும், லித்தியம் வைக்க முடியாத இடங்களும், கட்டமைப்பு எஃகு விழுங்கும் நியூட்ரான்களும் அந்தச் சிறு மிச்சத்தையும் அரித்துவிடுகின்றன. இரண்டு மூன்று சதவீத வேறுபாடு ஒரு வடிவமைப்பை வாழ வைக்கவோ கைவிட வைக்கவோ போதுமானது. அப்படிப்பட்ட எண்ணை ஒருவர் அறிவிக்கும்போது, அதை மற்றொருவர் முழுமையாகச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த மென்பொருளை நான் மதிப்பதற்கு முதற்காரணமும் அதுதான்.

ஓப்பன்எம்சி 2011-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில், அணுக்கருப் பிளவு உலைகளை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்டது. ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட மூல நிரல் பின்னர் முழுவதுமாகச் சி++ மொழிக்கு மாற்றப்பட்டது; பயனர் அதனோடு உரையாடுவது பைத்தான் வழியாக. ஆர்கான் தேசிய ஆய்வகம் உள்ளிட்ட பல நிறுவனங்களின் ஆய்வாளர்கள் அதன் வளர்ச்சியில் பங்கெடுக்கிறார்கள். எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் வெளியிடப்படுவதால் எவரும் தரவிறக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், வணிக நோக்கிலும் பயன்படுத்தலாம். இத்துறையில் நெடுங்காலமாக அளவுகோலாக இருந்துவரும் எம்.சி.என்.பி. என்ற நிரல், லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் பிறந்தது. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதைப் பெற விண்ணப்பித்து, ஒவ்வொருவரும் தமக்கென உரிமம் பெற வேண்டும். அதன் பின்னாலிருக்கும் பல பத்தாண்டுச் சோதனை அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உரிமம் கிடைக்காத ஒரு மாணவர், அந்த நிரலால் பெறப்பட்ட முடிவுகளைப் படிக்கத்தான் முடியும். தம் கையால் ஓட்டிப் பார்க்க முடியாது.

நிறுவுவது கடினமன்று. லினக்ஸிலும் மேக்கிலும் கோண்டா-ஃபோர்ஜ் என்ற மென்பொருள் தொகுப்பகம் வழியாக ஒரே கட்டளையில் வந்துவிடுகிறது. விண்டோஸில் அதற்குள் இயங்கும் லினக்ஸ் துணை அமைப்பையோ டாக்கரையோ நாட வேண்டும். பெரும்பாலோர் முதல் நாளில் நின்றுபோகும் இடம் வேறு. மென்பொருளோடு அணுக்கருத் தரவுகள் வருவதில்லை. எந்த அணுக்கரு எந்த ஆற்றலில் எந்த அளவுக்கு வினைபுரியும் என்ற குறுக்குவெட்டுத் தரவுகளைத் தனியே தரவிறக்கி, அவை இருக்கும் இடத்தைச் சூழல் மாறி ஒன்றில் குறிப்பிட்ட பிறகே கணக்கு ஓடும். இப்பிரிப்பு தொடக்கத்தில் எரிச்சலூட்டினாலும் நியாயமானது. பிளவு உலைக்குப் பொதுவாகப் பயன்படும் தரவு நூலகத்துக்கும், சர்வதேச அணுசக்தி முகமை இணைவுக்கென்றே தொகுத்துப் பராமரிக்கும் ஃபெண்டில் நூலகத்துக்கும் இடையே முடிவுகள் மாறக்கூடும். எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை எண்ணிப் பார்த்துச் செய்யும்படி மென்பொருள் நம்மைக் கட்டாயப்படுத்துகிறது.

மாதிரியை எழுதும் முறைதான் இதன் பெரிய வலிமை. பொருள்கள், மேற்பரப்புகள், அவற்றுக்கிடையிலான அறைகள், நியூட்ரான்கள் புறப்படும் மூலம், எண்ண வேண்டியவை என்று எல்லாம் பைத்தான் பொருள்களாகவே இருக்கின்றன. ஈய-லித்தியக் கலவையில் லித்தியம்-6-இன் செறிவைப் படிப்படியாக உயர்த்தினால் டிரிட்டிய விகிதம் எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்பினால், செறிவை ஒரு மாறியாக்கி நான்கு வரியில் ஒரு சுழற்சி எழுதினால் போதும். பழைய நிரல்களில் இதே வேலைக்கு, குறிப்பிட்ட நெடுவரிசையில் குறிப்பிட்ட எண்ணை எழுத வேண்டிய உள்ளீட்டுக் கோப்புகளைப் பிரதியெடுத்துத் திருத்திக்கொண்டிருந்தோம்; அந்தத் திருத்தங்களில் நுழைந்த பிழைகள் எத்தனை என்பது எவருக்கும் தெரியாது. இங்கே மாதிரி முழுவதும் படிக்கத்தக்க ஒரு நிரலாக இருப்பதால், புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்து இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அரை நாளில் பெரும்பகுதியைச் சொல்லிவிடுகிறார்.

இருந்தாலும், இது பிளவு உலைகளுக்காகப் பிறந்த மென்பொருள் என்பது சில இடங்களில் இன்னும் தெரிகிறது. இயல்பாக அமைந்திருக்கும் ஓட்ட முறை, பிளவுத் தொடர்வினையின் பெருக்கக் காரணியை, அதாவது ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனை மடங்காகின்றன என்பதைத் தேடும் முறை. இணைவுக் கணக்குக்கு, நாம் குறிப்பிடும் மூலத்திலிருந்தே நியூட்ரான்கள் புறப்படும் நிலையான மூல முறை என்று நாம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மறந்துவிட்டால், பிளவு நிகழ்ந்த இடம் எதுவும் கிடைக்கவில்லை என்ற செய்தியோடு ஓட்டம் நின்றுவிடும். யுரேனியமே இல்லாத மாதிரியில் அந்தச் செய்தியைக் காணும் புதியவர் குழம்புவது இயற்கை. முடிவுகள் எல்லாம் மூலத்திலிருந்து புறப்பட்ட ஒரு நியூட்ரானுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருவதையும் நினைவில் வைக்க வேண்டும். 500 மெகாவாட் இணைவுத் திறனுக்கு ஒரு நொடியில் ஏறத்தாழ 1.77 × 10²⁰ நியூட்ரான்கள் பிறக்கின்றன. அந்த எண்ணால் பெருக்கும் பொறுப்பும், தேவையான இடத்தில் அறையின் கன அளவால் வகுக்கும் பொறுப்பும் நம்முடையவை. பல நிரல்கள் இப்படித்தான் இயங்குகின்றன என்றாலும், விளக்க ஏட்டில் இதற்கு இன்னும் முன்னுரிமை தந்திருக்கலாம்.

டிரிட்டியத்தை எண்ணும் இடத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்வது மற்றவர்களுக்குப் பயன்படும். எண்ண வேண்டிய வினைகளின் பட்டியலில், நியூட்ரான் நுழைந்து டிரிட்டான் (டிரிட்டியத்தின் அணுக்கரு) வெளியேறும் வினைக்கு ஒரு பெயர் இருக்கிறது. எச்-3 (அதாவது டிரிட்டியம்) உற்பத்தி என்ற பொருளில் மற்றொரு பெயரும் இருக்கிறது. முதலாவதே போதும் என்று நினைத்து அதைப் பயன்படுத்தினேன். ஆனால் லித்தியம்-7-இன் வினையில் டிரிட்டானோடு ஒரு நியூட்ரானும் வெளியேறுவதால், அது வேறு வினையாகவே பதிவாகிறது. முதல் பெயர் அதை எண்ணுவதே இல்லை. இயற்கை லித்தியத்தை வைத்துச் செய்த கணக்கில் விகிதம் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாகக் குறைந்து நின்றபோதுதான், லித்தியம்-6-ஐயும் 7-ஐயும் தனித்தனியே பிரித்து எண்ணிப் பார்த்தேன். 7-இன் வரிசையில் சுழியம் இருந்தது. ஐசோடோப்பு வாரியாகப் பிரித்து எண்ணும் வசதி இரண்டே வரிகளில் கிடைத்ததால் பிழையைப் பத்து நிமிடத்தில் பிடிக்க முடிந்தது. எந்தக் கணக்கிலும் மொத்தத்தை மட்டும் பார்க்காமல் இப்படிப் பிரித்துப் பார்ப்பதை அதன்பின் என் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வடிவியல் பகுதியில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. எளிய ஆய்வுக்குக் கோளம், உருளை, தளம், வளையம் ஆகிய மேற்பரப்புகளை இணைத்தே ஒரு டோகமாக்கின் (பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் கட்டிவைக்கும் வளைய வடிவ இணைவு உலையின்) உருவத்தை ஓரளவு கட்டிவிடலாம். இது வேகமானது, துல்லியமானது. வெளிப்புற மேற்பரப்புக்கு வெற்றிட எல்லை என்று குறிப்பிட மறக்கக் கூடாது. இயல்பாக எல்லா மேற்பரப்பும் துகளை ஊடே செல்லவிடும். உண்மையான பொறியியல் வரைபடத்தை அப்படியே எடுக்க வேண்டும் என்றால், விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் உருவான டாக்எம்சி துணை நிற்கிறது. அது உருவத்தின் மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களாக்கி, துகள்களை அவற்றினூடே நடத்துகிறது. பாராமேக் என்ற மற்றொரு திறமூலத் தொகுப்பு, சில அளவுகளைக் கொடுத்தாலே டோகமாக்கின் முப்பரிமாண உருவத்தை உண்டாக்கித் தருகிறது.

என் அனுபவத்தில் அதிகமான நாட்களைத் தின்றதும் இந்தப் பகுதிதான். வரைபடத்தில் இரண்டு பாகங்களுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தாலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, அங்கே செல்லும் துகள் தான் எந்த அறையில் இருக்கிறது என்று அறிய முடியாமல் தொலைந்துபோகிறது. இயல்பான அமைப்பில் பத்துத் துகள்கள் தொலைந்ததும் ஓட்டம் நின்றுவிடும். அந்த எல்லையை ஆயிரமாக உயர்த்திவிட்டுக் கணக்கை முடித்துவிடலாம் என்ற எண்ணம் எவருக்கும் எழும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. தொலைந்த துகள்கள் சமமாகப் பரவியிருப்பதில்லை. பிழையுள்ள ஒரு மூலையில், பெரும்பாலும் நாம் அறிய விரும்பும் இடைவெளிகளுக்கு அருகிலேயே குவிந்திருக்கும். மென்பொருள் தொலைந்த துகளின் இருப்பிடத்தைப் பதிவு செய்துவைக்கிறது. அதைக் கொண்டு வரைபடத்தைத் திருத்துவதே சரியான வழி. பொறியாளர்களிடமிருந்து வரும் வரைபடத்தில் திருகாணியும் மரையும் வரை எல்லாம் இருக்கும். அவற்றை நீக்கி, நியூட்ரான் கணக்குக்கு ஏற்ற எளிய உருவமாக்கும் வேலைக்கு இத்தனை திறமூலக் கருவிகள் வந்த பிறகும் மனித உழைப்பு தேவைப்படுகிறது. இணைவுத் துறையில் நிதியும் ஆளும் ஒதுக்க வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், இதையே சொல்வேன்.

ஏராளமான துகள்களின் பயணத்தைச் சீரற்ற எண்களைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து சராசரி காணும் மான்டி கார்லோ முறையையே ஓப்பன்எம்சி பயன்படுத்துகிறது; அதில் துல்லியத்துக்கு விலை உண்டு. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு துகள்கள் வேண்டும். ஒரு சதவீதத்திலிருந்து பத்தில் ஒரு சதவீதத்துக்கு இறங்க நூறு மடங்கு வேண்டும். டிரிட்டிய விகிதம் போன்ற மொத்த அளவுகளுக்கு இது தொல்லையாக இருப்பதில்லை. சாதாரண மடிக்கணினியிலேயே நல்ல விடை விரைவில் வந்துவிடுகிறது. தடித்த கவசத்தின் மறுபுறத்தில், மீக்கடத்திக் காந்தச் சுருளில் எவ்வளவு வெப்பம் படிகிறது என்று கேட்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அங்கு சென்றடையும் நியூட்ரான்கள் மிக மிகக் குறைவு. எண்ணியல் உத்திகள் இல்லாமல் ஓட்டினால் பெரிய கணினியும் வெற்றுப் பட்டியலைத்தான் தரும். துகளின் எடையைப் பிரித்தும் குறைத்தும் ஆழமான பகுதிகளுக்கு அழைத்துச் செல்லும் எடைச் சாளர உத்தி ஓப்பன்எம்சியில் இருக்கிறது. அந்தச் சாளரங்களை ஓட்டத்தின் போக்கிலேயே தானாக அமைத்துக்கொள்ளும் மேஜிக் முறையும், சீரற்ற கதிர் முறையால் தோராய விடையை முன்கூட்டிப் பெற்று அதிலிருந்து சாளரங்களைக் கட்டும் வழியும் பின்னர் சேர்க்கப்பட்டன. இவை தனி உரிமம் கோரும் வெளிக் கருவிகளை நாடாமல் உள்ளேயே கிடைப்பது பெரிய வசதி. ஆனால் நல்ல சாளரத்தை அமைக்க இன்னும் கைப்பழக்கம் வேண்டும். குறுகிய இடைவெளி வழியே நேராகப் பாயும் சில துகள்கள் கட்டுக்கடங்காமல் பிரிந்து, ஒரே இழையில் ஓட்டத்தை நெடுநேரம் பிடித்து நிறுத்திவிடுவதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. மென்பொருள் விடையோடு தரும் பிழை அளவு, துகள் எண்ணிக்கையால் வரும் புள்ளியியல் பிழை மட்டுமே. அணுக்கருத் தரவில் உள்ள ஐயமும், மாதிரியை எளிமையாக்கியதால் வந்த விலகலும் அதில் அடங்குவதில்லை. நான்கு தசம இடங்கள் வரை உறுதியாகத் தோன்றும் ஒரு விகிதம், தரவு நூலகத்தை மாற்றியவுடன் இரண்டாம் இடத்திலேயே நகரக்கூடும். ஆகவே ஒரே மாதிரியை இரண்டு நூலகங்களில் ஓட்டி, இரண்டு விடைகளையும் அறிக்கையில் சேர்த்துத் தருமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

உலையை நிறுத்திய பிறகு பராமரிப்புப் பணியாளர் உள்ளே செல்லலாமா என்பதும் நியூட்ரான் கணக்கைச் சேர்ந்ததுதான். நியூட்ரான்கள் பட்ட எஃகு தானே கதிரியக்கம் பெற்று, காமாக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டிருக்கும். முதலில் நியூட்ரான்களை நடத்தி, பிறகு பொருள்களின் கதிரியக்க மாற்றத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து வரும் காமாக் கதிர்களை மீண்டும் நடத்தும் மூன்று கட்ட வேலை இது. ஓப்பன்எம்சியில் இம்மூன்றும் ஒரே பைத்தான் சூழலுக்குள் முடிகின்றன; இவற்றை ஒரே ஓட்டத்தில் இணைக்கும் குறுக்குவழியும் இருக்கிறது. முன்பு இதற்கு வெவ்வேறு நிரல்களின் கோப்புகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும்.

இதன் எல்லையையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓப்பன்எம்சி பிளாஸ்மாவைப் பற்றி எதுவும் அறியாது. பிளாஸ்மா அதற்கு நியூட்ரான்களை உமிழும் ஓர் இடம் மட்டுமே. அந்த இடத்தின் உருவத்தையும் வெப்பநிலைப் பரவலையும் நாம் கொடுக்க வேண்டும். அதற்கெனச் சிறிய துணைத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. பிளாஸ்மாவுக்குள் வெப்பமும் மின்னோட்டமும் காலத்தோடு எப்படிப் பரவுகின்றன என்று அறிய விரும்புபவர், கூகுள் டீப்மைண்ட் 2024-இல் வெளியிட்ட டோராக்ஸைப் பார்க்கலாம். ஓரத்துக் கொந்தளிப்பை ஆராய்பவருக்கு பவுட்++ உண்டு. போர்வையில் பிறந்த டிரிட்டியம் பொருளுக்குள் எப்படி ஊடுருவுகிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்ற கேள்விக்கு ஃபெஸ்டிம் விடை தேடுகிறது. ஓப்பன்எம்சியின் டிரிட்டிய உற்பத்திப் பரவலை ஃபெஸ்டிமுக்கு உள்ளீடாகத் தர முடிகிறது. இரண்டுமே பைத்தானில் பேசுவதால் இடையில் நிற்கும் நிரல் மிகச் சிறியது. திறமூலமாக இருப்பதன் பயனை நான் நாள்தோறும் உணர்வது இந்த இணைப்புகளில்தான்.

ஆவணங்கள் நன்றாக இருக்கின்றன. கணித முறைகளை விளக்கும் பகுதி பாடநூலின் தரத்தில் உள்ளது. ஆனால் எடுத்துக்காட்டுகளில் பெரும்பகுதி பிளவு உலைக்கானவை. இணைவுக்கென்று தன்னார்வலர்கள் உருவாக்கிய பயிற்சிப் பாடங்கள் அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. 2025-இல் வந்த பதிப்புகளும் 0.15 வரிசையில்தான் இருந்தன. முந்தைய பதிப்பில் மூலத்தை வரையறுத்த வகுப்பின் பெயர் பிந்தைய பதிப்பில் மாறியது போன்ற மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஓர் ஆய்வைத் தொடங்கும்போதே பதிப்பு எண்ணைக் குறித்து, முடியும் வரை அதையே பயன்படுத்துவது நல்லது. உரிம ஒப்புதல் வழங்கும் அரசு அமைப்புகளின் முன் கணக்கை வைக்க வேண்டியவர்கள், நெடுநாள் சரிபார்ப்பு வரலாறுள்ள நிரலிலும் அதே மாதிரியை ஓட்டி ஒப்பிட வேண்டியிருக்கும். மாணவருக்கும், புதிய வடிவமைப்பைத் தேடும் சிறு குழுவுக்கும், ஒப்பீட்டுக்கு இரண்டாவது நிரல் தேடும் பெரிய ஆய்வகத்துக்கும் தயக்கமின்றி இதைப் பரிந்துரைக்கிறேன்.

கடந்த ஆய்வை முடித்தபோது, மாதிரியின் நிரல், மென்பொருளின் பதிப்பு எண், தரவு நூலகத்தின் பெயர், சீரற்ற எண்களின் தொடக்க வித்து ஆகியவற்றை ஒரே தொகுப்பாக்கி வெளியிட்டோம். வித்து ஒன்றாக இருந்தால் எத்தனை செயலிகளில் ஓட்டினாலும் துகள்களின் பயணம் மாறுவதில்லை என்பதால், வேறோர் ஆய்வகத்தில் அதை ஓட்டிய ஒருவருக்கு எங்கள் விகிதமே கிடைத்தது. அதோடு நிறுத்தாமல் அவர் நிரலை வரிவரியாகப் படித்து, ஈய-லித்தியக் கலவையின் அடர்த்தியை உலை இயங்கும் வெப்பநிலைக்கு உரியதாக இல்லாமல், அதைவிடக் குறைந்த வெப்பநிலைக்கு உரியதாகக் கொடுத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னது சரி. அந்த ஒரு வரியைத் திருத்தி மீண்டும் ஓட்டினோம். விகிதம் சற்றுக் குறைந்தது. குறைந்த அந்த எண்ணையே திருத்திய பதிப்பில், பழைய எண்ணுக்குப் பக்கத்தில், காரணத்தோடு பதித்திருக்கிறோம்.